கல்மூர்சாவுக்கு ஊர் இழுத்த மூச்சு

கெங்சாய் ஊரின் நீர்பாய்ச்சி கல்மூர்சா, 1997ஆம் ஆண்டு ஜனவரி ஒன்பதாம் தேதி தொடங்கி முப்பத்துநான்கு நாட்கள் ஒரு மூச்சைக்கூடச் சொந்தமாக இழுக்கவில்லை. அந்த முப்பத்துநான்கு நாளும் அவர் உயிரோடு இருந்தார், முக்கால் கிலோ எடை கூடினார், பார்க்க வந்தவர்களை எல்லாம் வழக்கம்போல முறைத்தார். மருந்தகத்துப் பதிவேட்டில் மருத்துவ உதவியாளர் ஜூராகான் நீல மையால் நாள்வாரியாக எழுதி வைத்திருப்பதால் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அந்தக் குளிர்காலத்தில் கெங்சாயில் நூற்றொன்பது வீடுகள், கைக்குழந்தைகளைச் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். டிசம்பர் மாதம் பனிச்சரிவு கணவாயை மூடியது. போகிற போக்கில் மின்கம்பங்களையும் தொலைபேசிக் கம்பியையும் இழுத்துக்கொண்டு போனது. இது எல்லா வருடமும் நடப்பதுதான், ஆகவே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்மூர்சாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கோடையில் ஆற்றுத் தண்ணீரை வீடு வீடாக முறை வைத்துத் திறந்துவிடுவது அவர் வேலை. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மடையோரம் நிற்பார். நேரம் முடிந்தால் பாத்தி பாதி நனைந்திருந்தாலும் பலகையை இறக்கிவிடுவார். இதனால் ஊரில் பாதிப் பேர் அவருக்கு சலாம் சொல்வதில்லை. மீதிப் பேர் சலாம் சொல்வார்கள், ஆனால் தேநீர் குடிக்கக் கூப்பிட மாட்டார்கள். அவர் மனைவி புருல்சா ஒருத்திதான் இரண்டையும் செய்துவந்தாள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

புத்தாண்டு கழிந்து வயிற்றுப்போக்கு வந்தது, போனது. ஆறாம் தேதி பாதம் மரத்தது. ஏழாம் தேதி கரண்டியைத் தூக்க முடியவில்லை. ஜூராகான் வந்து பார்த்தாள். அவள் டாக்டர் இல்லை; நரீன் நகரத்தில் நான்கு வருடம் படித்து, ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் எலும்பு கட்டவும் அனுமதி வாங்கியவள். முப்பத்தெட்டு வயது, உரத்த குரல், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று கல்மூர்சாவை எண்ணச் சொன்னாள். ஏழாம் தேதி இருபத்திரண்டு வரை எண்ணியிருந்தார். எட்டாம் தேதி பதினான்கு. ஒன்பதாம் தேதி காலையில் ஐந்தோடு நின்றுவிட்டது. ஜூராகான் கத்தியை வெந்நீரில் போட்டாள். படிக்கிற காலத்தில் இரண்டு முறை பக்கத்தில் நின்று பார்த்திருந்ததை, ஜன்னல் வெளிச்சத்தில் தானே செய்தாள்: தொண்டைக் குழியில் சின்னதாக ஒரு வாசல் திறந்து, வளைந்த உலோகக் குழாய் ஒன்றை மூச்சுக்குழலுக்குள் இறக்கினாள். அதன் முனையில், கூட்டுப்பண்ணை காலத்து அவசரப் பெட்டியில் கிடந்த ரப்பர் பையை மாட்டி அமுக்கினாள். கல்மூர்சாவின் நெஞ்சு எழுந்தது. கையை விட்டாள், நெஞ்சு இறங்கியது. பிறகு புருல்சாவை அனுப்பி ஊரைக் கூட்டிவரச் சொன்னாள்.

வந்தவர்களிடம் ஜூராகான் பையை அமுக்கியபடியே பேசினாள். அன்று அவள் சொன்னது எங்கள் ஊரில் இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"நுரையீரலுக்குன்னு சொந்தமா பலம் கெடையாது, அது ரெண்டு பஞ்சு மூட்டை. அதுக்குக் கீழ ஒரு தசை இருக்கு, குமிஸ் குடிக்கிற கிண்ணத்தக் கவுத்து வச்சாப்ல. அந்தக் கிண்ணம் கீழ இறங்கித் தட்டையாகும், விலா எலும்பு விரியும், உள்ள எடம் கெடைக்கும், காத்து தானா வந்து ரொம்பும். கிண்ணம் பழையபடி மேல ஏறினா காத்து வெளிய போகும். அவ்வளவுதான் மூச்சு. இவருக்குப் பஞ்சு மூட்டை நல்லாருக்கு, கிண்ணம் படுத்துடுச்சு. அந்த வேலைய இனிமே நம்ம கைதான் செய்யணும்."

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டான் உருளைக்கிழங்கு போடுகிற தோக்தோசுன்.

"வியாதி கால்லேர்ந்து மேல ஏறிச்சு. வந்த வழியே எறங்கிப் போகும். பத்து நாளும் ஆகலாம், நாப்பது நாளும் ஆகலாம்."

"அக்கா, இந்தாளு என் கெழங்குக்குப் பத்து நிமிஷம் கூடுதலா தண்ணி விட்டதில்ல."

"நான் உன்னப் பத்து நிமிஷமா கேக்கறேன்? ஒரு மணி நேரம் கேக்கறேன். நிமிஷத்துக்குப் பதினாலு தடவ. கையக் கழுவிட்டு வா."

தோக்தோசுன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். அன்றே பட்டியல் போட்டார்கள்: பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம், சுற்றி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நிமிடத்துக்குப் பதினான்கு என்றால் ஒரு நாளைக்கு இருபதாயிரத்து நூற்று அறுபது. கடிகாரம் பார்த்து அமுக்கினால் கண் கட்டிவிடும் என்பதால் ஜூராகான் சுலபமான வழி சொல்லிக்கொடுத்தாள்: நீ மூச்சை இழுக்கும்போது அமுக்கு, நீ விடும்போது விடு. மூக்கு வழியாகப் போகாத காற்று சூடாகாது, ஈரமாகாது, நெஞ்சை வறட்டிவிடும் என்று கட்டில் தலைமாட்டில் தேநீருக்கு வெந்நீர் போடும் சமோவார் ஓயாமல் கொதித்தது. மூக்கு சும்மா முகத்து அழகுக்கு இல்லை என்பது கெங்சாய்க்கு அந்த வாரம்தான் தெரிந்தது. சளியை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்தார்கள். மூக்கில் செருகிய மெல்லிய குழாய் வழியாகக் குதிரை இறைச்சிச் சாறு ஊற்றினார்கள்.

கல்மூர்சாவுக்கு அசைந்தது இமை மட்டும். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. பேச்சு கிடையாது, தொண்டையில் குழாய் இருப்பவனுக்குக் காற்று குரல்வளைக்குப் போகாது. இதைக் கேள்விப்பட்டதும் பட்டியலில் முன்னுக்கு வர ஊரில் போட்டி ஏற்பட்டது. இருபது வருடமாக அந்த மனிதரிடம் முழுசாகப் பேசி முடிக்க முடியாதவர்கள் எல்லாம் இப்போது ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் அவர் உயிரை அமுக்கிக்கொண்டே, வாயால் அவரை வறுத்தெடுத்தார்கள். முதலில் நின்றவள் வெங்காயம் போடுகிற உல்கான். அறுபது வயது, கைம்பெண், ஊரிலேயே நீளமான நாக்கு.

"என்ன தம்பி, வாயத் தொற பாப்போம். போன வருஷம் ஜூலையில என்ன சொன்னே? 'ஒன் நேரம் முடிஞ்சுது அக்கா'ன்னு சொன்னே. என் வெங்காயம் எல்லாம் கோலிக்குண்டு சைசுக்கு நின்னுபோச்சு. இப்ப ஒன் நேரம் என் கையில இருக்கு. நான் பலகைய எறக்கினேனா? சொல்லு, எறக்கினேனா?"

கல்மூர்சா இரண்டு தடவை இமைத்தார்.

"ஆங். அத ஞாபகம் வச்சுக்க" என்றாள் உல்கான், அமுக்குவதை ஒரு கணமும் நிறுத்தாமல்.

தோக்தோசுன் நான்காம் நாள் தன் முறைக்கு வந்தபோது, வேகமாக அமுக்கினால் ஆள் வேகமாகக் குணமாவார் என்று நினைத்து நிமிடத்துக்கு முப்பது வைத்து அமுக்கித் தள்ளினான். கல்மூர்சாவின் முகம் வெளுத்து, கண் மேலே செருகியது. ஜூராகான் ஓடிவந்து அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். "மூச்சுன்னா உள்ள போறது மட்டும்னு நெனச்சியா? உடம்பு எரிச்சு மிச்சம் வச்ச கெட்ட காத்து வெளிய போகணும், ஆனா முழுசா போயிடக் கூடாது. அதுல கொஞ்சம் ரத்தத்துல தங்கணும். சுத்தமா தொரத்திட்டேன்னா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிக்கும். நல்லது பண்றேன்னு கொன்னுடாத" என்றாள். தோக்தோசுன் மன்னிப்புக் கேட்டான். ஊரில் அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் தடவை என்பதால் அதையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறது.

ஒருவரும் ஒரு மணி நேரத்தைக்கூடத் தவறவிடவில்லை. காய்ச்சல்காரர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரின் மறுகோடியிலிருந்து இடுப்பளவு பனியில் நடந்து வந்தவர்கள் அரை மணி முன்னாலேயே வந்து, கை சூடாகும் வரை சமோவாரைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டாம் நாள், அறையில் காத்திருப்பவர்கள் எல்லாரும் பையோடு சேர்ந்து இழுத்து, பையோடு சேர்ந்து விடுவதை ஜூராகான் கவனித்தாள். பதினான்காம் நாள் தெருவே அப்படி ஆனது. குளிரில் வெண்புகையாக வெளிவரும் மூச்சு, தண்ணீர் எடுக்கிற பெண்கள் வாயிலிருந்தும் விறகு பிளக்கிற ஆண்கள் வாயிலிருந்தும் பள்ளிக்கூட வரிசையிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுந்தது, ஒரே நேரத்தில் நின்றது. பதினாறாம் நாள் ஜன்னல் திரைகள் நூற்றொன்பது வீட்டிலும் சேர்ந்து உள்ளே போய்ச் சேர்ந்து வெளியே வந்தன. இதனால் ஒரு சங்கடம் இருந்தது. சண்டை போட முடியவில்லை. ஒருவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து மற்றவர் திட்டுவதுதானே சண்டை. இங்கே இருவரும் ஒன்றாகத் திட்டி, ஒன்றாக நிறுத்தி, ஒன்றாக மூச்சு வாங்கினார்கள். இரண்டு சுற்றுக்கு மேல் எந்தச் சண்டையும் போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் முற்பகல் ரப்பர் பை கிழிந்தது. பழைய ரப்பர், குளிரில் விறைத்துப்போய் நீளவாக்கில் வாய் பிளந்துவிட்டது. வேறு பை கிடையாது. புருல்சா தலைத்துணியைப் பின்னுக்குத் தள்ளி, குனிந்து, கணவர் தொண்டையில் இருந்த குழாயில் வாயை வைத்து ஊதினாள். நெஞ்சு எழுந்தது. "ஊது, பயப்படாத" என்றாள் ஜூராகான். "நாம வெளிய விடற காத்துல இன்னும் நல்லது மிச்சம் இருக்கும். எடுத்துக்கிட்டதவிட மிச்சந்தான் அதிகம்." இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் அவ்வளவு நெருக்கம் பார்த்ததில்லை என்று அங்கிருந்த பெண்கள் சொன்னார்கள். புருல்சாவுக்குத் தலை சுற்றியதும் அடுத்தவள் குனிந்தாள், அதற்கடுத்து இன்னொருத்தி. ஆண்கள் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள், பிறகு அவர்களும் குனிந்தார்கள். முல்லா மீசையைத் துடைத்துக்கொண்டு முப்பது மூச்சு ஊதினார்.

மதியத்துக்குள் உல்கான் வந்தாள். கையில், குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் ஆக்கும் அவள் வீட்டுத் துருத்தி இருந்தது: ஒரே ஆட்டுக்குட்டியின் தோலைக் கிழியாமல் உரித்து, ஜூனிபர் விறகுப் புகையில் பதப்படுத்திய தோல்பை. அவள் மாமியாரின் மாமியார் தைத்தது. அதில் ஊறவைத்த குமிஸுக்கு மாவட்டச் சந்தையில் தனிப் பேர் உண்டு. அதன் கழுத்தைத் தானே அறுத்து, "புடி, பழைய பையோட வாய்க்கொழாய இதுல கட்டு" என்று ஜூராகானிடம் கொடுத்தாள்.

"அக்கா, இனிமே இதுல குமிஸ் ஊத்த முடியாதே."

"குமிஸ் ஊத்தத்தான் கொண்டாந்தேன்னு நெனச்சியா? கட்டுடி."

ரப்பரைப்போலத் தோல் தானாக விரியாது. ஒருவர் இழுத்துப் பிரிக்க வேண்டும், ஒருவர் அமுக்க வேண்டும். ஆகவே பட்டியலை இரண்டிரண்டு பேராக மாற்றி எழுதினார்கள். யார் யாரோடு என்று பார்க்க நேரமில்லாததால், பேசாத குடும்பங்கள் எதிரெதிரே உட்கார்ந்தன. நாட்கள் போயின. கல்மூர்சாவின் மூச்சு ஜூனிபர் மணத்தது.

இருபத்தேழாம் நாள் பிற்பகல் துருத்திக்கு இருபுறமும் உல்கானும் தோக்தோசுனும் இருந்தார்கள். தோக்தோசுன் போன கோடையில் தன் மாடு அவள் பாத்தியில் மேய்ந்ததை மறுத்தான். உல்கான் அந்த மாட்டின் கொம்பில் தன் வேலித் துணி சிக்கியிருந்ததைச் சொன்னாள். அவன் கையை விரித்துச் சத்தியம் செய்தான்; அவளும் கையை ஓங்கினாள். நான்கு கைகளும் காற்றில் இருந்தன. துருத்தி மட்டும் விரிந்தது, சுருங்கியது, விரிந்தது.

"நீ புடிச்சிருக்கியா?" என்றாள் உல்கான் மெதுவாக.

"இல்லக்கா. நீங்க?"

"என் கையப் பாரு."

தோக்தோசுன் யோசித்தான். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, அவளையும் பொத்தச் சொன்னான். துருத்தியின் விரிவு மயிரிழை அளவு குறைந்தது. ஜன்னலைத் திறந்து, "எல்லாரும் மூச்ச நிறுத்துங்க!" என்று கத்தினான். தெரு நிறுத்தியது. துருத்தி நின்றது. ஜூராகான் கையில் துடைப்பத்தோடு உள்ளே பாய்ந்தாள். "சோதன பண்ற நேரமாடா இது? மூச்ச விடுங்க எல்லாரும்!" ஊர் மூச்சு விட்டது, துருத்தி நடந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பதிவேட்டில் எழுதினாள்: பை தானாக வேலை செய்கிறது, நிமிடத்துக்குப் பதினான்கு. ஆனால் பட்டியலை யாரும் நிறுத்தவில்லை. தங்கள் மணி நேரம் வந்ததும் இரண்டிரண்டு பேராக வந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, துருத்தியின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அது தங்கள் மூச்சு, விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் கணவாயின் அந்தப் பக்கத்திலிருந்து பனி அகற்றும் இயந்திரம் வழி செய்தது. பின்னாலேயே ஒரு இளம் டாக்டர், பெட்டியில் சுவாச இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார். அறையில் நுழைந்து, துருத்தியையும் மடியில் கை வைத்திருந்த இருவரையும் பார்த்தார்.

"இத யார் இயக்கறாங்க?"

"ஊரு" என்றாள் ஜூராகான்.

"மோட்டார் எங்க இருக்கு?"

"ஊருன்னு சொன்னேன் டாக்டர்."

அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு தொண்டைத் துளையைச் சோதித்து, சுத்தமாக வைத்திருப்பதாகப் பாராட்டினார். நோயாளியை உடனே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும் என்றார். ஊர் முற்றத்தில் கூடியது. கெங்சாயில் மூச்சுக்குக் குறைவில்லை என்று முல்லா சொன்னார். வேண்டுமானால் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கூடவே வருகிறோம், ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறதா என்று தோக்தோசுன் கேட்டான். கடைசியில் புருல்சாதான் கட்டிலருகே போய், "போறீங்களா?" என்று கணவரைக் கேட்டாள். அவர் இரண்டு தடவை இமைத்தார். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்ததை அவள் பார்த்தாள். வெளியே வந்து அதைச் சொல்லவில்லை. டாக்டர், அப்படியானால் தானும் இங்கேயே இருந்து பார்ப்பதாகச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் படுக்கை போட்டுக்கொண்டார்.

அதற்குள் கல்மூர்சாவின் விரல்கள் அசையத் தொடங்கியிருந்தன. தோள் குலுங்கியது. சளியை உறிஞ்சினால் வயிறு துள்ளியது. ஆனால் மூச்சு மட்டும் வரவில்லை. முப்பத்துநான்காம் நாள் காலையில் ஜூராகான் டாக்டரிடம் பேசினாள். "கிண்ணம் எழுந்திருச்சிடுச்சு. அதுக்கு வேல குடுக்கறவன்தான் தூங்கறான். நல்ல காத்து கொறையுதுன்னு ஒடம்பு அவ்வளவு சீக்கிரம் பதறாது டாக்டர், கெட்ட காத்து சேந்தாத்தான் 'இழு'ன்னு மூளை கத்தும். நாம ஓயாம வெளிய எடுத்துக்கிட்டே இருக்கோம். அது எதுக்குக் கத்தும்?" டாக்டர், பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னார். தன் பெட்டியைத் திறந்து இயந்திரத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

நண்பகலில் பள்ளி மணி அடித்தது. கெங்சாய் முழுவதும் மூச்சை நிறுத்தியது. பெரியவர்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கடிகாரம் இருக்கும் வீடுகளின் முன்னால் நின்றார்கள். ஆஸ்துமாக்காரரான தபால்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முலை குடித்துக்கொண்டிருந்த குழந்தைகள் யாரும் சொல்லாமலே நிறுத்தின. துருத்தி தொங்கியது. பத்து விநாடி. இருபது. கல்மூர்சாவின் முகம் சாம்பல் நிறமானது, உதடு நடுங்கியது. புருல்சா அவர் கையைப் பிடித்திருந்தாள், அவளும் மூச்சு விடவில்லை. முப்பதில் ஜூராகானின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் அவள் கையை உயர்த்தியே வைத்திருந்தாள். தெருவில் இரண்டு பேர் மயங்கி உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த பிறகும் மூச்சு விடவில்லை. நாற்பத்தோராவது விநாடியில் கல்மூர்சாவின் வயிறு ஒரு முறை வெட்டி எழுந்தது, விலா விரிந்தது. குழாயின் வாயில் கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு சீழ்க்கை கேட்டது. மறுபடியும். மூன்றாவது தடவை ஜூராகான் கையை இறக்கினாள். ஊர் மூச்சை விட்டது. அந்த மூச்சில் முற்றத்துக் கொடித் துணிகள் எல்லாம் கிடைமட்டமாக நின்றன, கூரைகளிலிருந்து ஒரு வாரத்துப் பனி சரிந்தது, டாக்டரின் தொப்பி ஆற்றில் விழுந்தது.

எட்டு நாள் கழித்துக் கல்மூர்சாவுக்குத் தொண்டைத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பேச வந்தது. பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் வந்த வரிசைப்படி பதில் சொன்னார். ஒருவர் சொன்னதையும் அவர் மறந்திருக்கவில்லை. தோக்தோசுனிடம், கிழங்கு சிறுத்ததற்குக் காரணம் தண்ணீர் இல்லை, விதை என்றார். உல்கான் வந்தபோது மட்டும் விரலைத் துளையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். "அக்கா, அந்த ஜூலையில என் கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடிச்சு. சாயங்காலந்தான் கண்டுபுடிச்சேன். சொல்ல மனசு வரல."

உல்கான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நாலு நிமிஷமா? நான் அஞ்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

கல்மூர்சா தன் மூச்சைத் தானே இழுக்கத் தொடங்கிய பிறகும் ஊரின் மூச்சு பிரியவில்லை. அவர் மூச்சும் அதிலேயே சேர்ந்துகொண்டது. தலைநகரத்திலிருந்து நுரையீரல் நிபுணர்கள் மூன்று முறை வந்து, நானூறு பேரின் நெஞ்சில் பட்டை கட்டி அளந்தார்கள். யார் முதலில் இழுக்கிறார், யார் பின்தொடர்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. யாருமே முதலில் இழுக்கவில்லை என்று ஜூராகான் அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தாள். மாவட்ட விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டியிலிருந்து 2003இல் கெங்சாயை விலக்கினார்கள். அந்த அறிவிப்புக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். வெளியூரிலிருந்து வருகிற மருமகள்களுக்குச் சேர்ந்துகொள்ள நாற்பது நாள் ஆகும். அதுவரை அவர்களுக்குக் கனமான வேலை எதுவும் கொடுப்பதில்லை. பிள்ளை பிறந்தால் மூச்சு ஒரு பொட்டு கனக்கும், வேலையை நிறுத்தாமலே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, உங்களுக்குத் தனியாக ஒரு பெருமூச்சுகூட விட முடியாதே என்று பரிதாபப்படுவது உண்டு. எங்கள் பதில், தனியாக விட வேண்டிய பெருமூச்சு எங்களுக்கு இல்லை என்பதுதான்.

2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த கல்மூர்சா தூக்கத்திலேயே இறந்துபோனார். அடுத்த மூச்சை இழுத்தபோது, படி ஒன்று குறைந்த மாடிப்படியில் கால் வைத்ததுபோல ஊர் முழுவதற்கும் ஒரு கணம் தடுக்கியது. எழுபத்தாறு வயது உல்கான் பாத்தியிலிருந்து நிமிர்ந்தாள், மண்ணைத் தட்டினாள், வெள்ளைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு நடந்தாள். தோக்தோசுன் டிராக்டரை வயலிலேயே நிறுத்திவிட்டு வந்தான். ஜூராகான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆள் அனுப்பிச் சொல்லலாம் என்று புருல்சா கதவைத் திறந்தபோது முற்றம் நிறைந்திருந்தது. அவள் சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியும்டி" என்றாள் உல்கான். "நீ போய் அவர்கிட்ட உக்காரு. அடுப்ப நான் பாத்துக்கறேன்."